பெயர் பெற்றவனும் பெஞ்சில் இருந்தவர்களும்

அறுபதாம் கல்யாணத்தைப் பிள்ளைகள் செய்து வைக்கிறார்கள். 70-இல் பீமரத சாந்தி, 80 தாண்டிச் சதாபிஷேகம் என்று அதற்கு மேலும் குடும்பம்தான் முன்னின்று நடத்துகிறது. எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லாத இன்னொரு விழா இப்போது ஊருக்கு ஊர் நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் கூடி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் கொண்டாடிக்கொள்ளும் வயது விழா. கல்யாண மண்டப வாசலில் பழைய குரூப் போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் வைத்திருப்பார்கள். அதன் முன்னால் வழுக்கைத் தலையோடு ஒருவர் நின்று, "இதில் தாத்தா எங்கே இருக்கிறேன், கண்டுபிடி பார்ப்போம்" என்று பேரனைக் கேட்டுக்கொண்டிருப்பார். பேரனுக்குக் கடைசி வரை தெரியாது.

குடும்பம் செய்கிற விழாவுக்கு ஒரு கணக்கு உண்டு. பிரபவ தொடங்கி அட்சய வரை 60 ஆண்டுகள் ஒரு சுற்று. பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வரும்போது ஒரு முழுச் சுற்று முடிகிறது, அதற்கு மணிவிழா. ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால், இந்தச் சாந்திகளுக்கெல்லாம் திருக்கடையூரில் கழுத்தில் மாலையோடு தம்பதிகள் வரிசையில் நிற்கிறார்கள். இவை தனி மனிதனின் ஆயுளுக்குச் செய்யும் மரியாதை. ஒரு வகுப்புக்கு அப்படிக் கணக்கு கிடையாது. வைத்தாலும் சரிவராது.

ஏன் சரிவராது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எங்களில் பலருக்கு இரண்டு பிறந்த நாள். அம்மா சொன்ன நட்சத்திரம் ஒன்று, பெரிய வாத்தியார் எழுதிய தேதி ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தமக்குச் சௌகரியமான தேதி ஒன்றைப் போட்டுக்கொள்வார்; பெரும்பாலும் அது ஜூன் மாதமாகவே இருக்கும். வருவாய்த் துறையில் பணிப்பதிவேடுகளைப் புரட்டியே காலம் தள்ளியவன் நான். ஜூனில் பிறந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு தாலுகாவை நடத்திவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்போம். ஆகவே வகுப்பு என்று வந்தால் பொதுவாக ஒரு நாளைக் குறித்துக்கொள்வதுதான் வழி. அந்த ஆண்டு எல்லோருக்கும் 75. ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

எங்கள் எஸ்.எஸ்.எல்.சி. செட்டும் அப்படித்தான் கூடியது. கூடியபோது, எல்லா வகுப்புகளுக்கும் வருகிற சங்கடம் எங்களுக்கும் வந்தது. வகுப்புக்கு ஒருவன் பெயர் பெற்றவனாக இருந்துவிடுகிறான். சிலருக்கு அவன் அமைச்சர், சிலருக்கு விஞ்ஞானி, சிலருக்குச் சினிமாக்காரன். எங்களுக்கும் ஒருவன் உண்டு. பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். அவன் வருகிறான் என்று தெரிந்ததும் ஏற்பாட்டுக் குழுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடையில் அவனுக்கு மட்டும் சோபா போட்டு வெள்ளைத் துண்டு விரித்தார்கள். மற்ற எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. வரவேற்புரை சொன்னவன் பாதி நேரம் அவனைப் பற்றியே பேசினான். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது போன ஜென்மத்துப் புண்ணியம் என்றான். அந்த 'அவர்' என்ற சொல்லைக் கேட்டதும் சோபாவில் இருந்தவன் நெளிந்தான். கீழே மூன்றாவது வரிசையில், எங்கள் வகுப்பில் கடைசி வரை முதல் மதிப்பெண் வாங்கியவன் உட்கார்ந்திருந்தான். எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அவன் தாம்பூலப் பையின் கயிற்றை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பந்தியில்தான் நிலைமை மாறியது. பெயர் பெற்றவனுக்கு மாடியில் தனி அறையில் இலை போட்டிருந்தார்கள். அவன் நேராகக் கீழே வந்து, பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தான். பக்கத்தில் இருந்தவனும் தன் மஞ்சள் பையிலிருந்து ஒன்றை எடுத்தான்.

"உனக்கு எத்தனை யூனிட்?"

"காலையில பதினாறு. ராத்திரி பத்து."

"எனக்குக் காலையிலேயே இருபத்தி ரெண்டு."

"அப்ப நீதான்டா பெரிய ஆளு" என்று பெயர் பெற்றவன் சொல்ல, அந்த வரிசையே சிரித்தது. பாயசத்தை ஆளுக்குப் பாதி டம்ளர் என்று இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிறகு முழங்கால், கண்புரை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று பேச்சு போயிற்று. மோர்ச் சாதம் வருவதற்குள் எல்லோரும் வாடா போடாவுக்கு வந்துவிட்டார்கள். மேடையில் நடந்ததைவிட இலையில் நடந்ததுதான் விழா.

பெயர் பெற்றவனால் வகுப்புக்குப் பெருமை என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமைக்காக நாம் ஒன்றும் செய்யவில்லை. அவன் உழைத்தான், அவனுக்கு வந்தது. வகுப்பு என்று ஒன்று இருந்ததற்கு அர்த்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அவனுக்குப் பெயர் வருவதற்கு முன்னால், கையில் காசும் முகத்தில் களையும் இல்லாமல் அவன் நின்றபோது, கூடப் படித்தவர்கள் அவனுக்கு யாராக இருந்தார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், நம் நாட்டிலேயே மிகப் புகழ்பெற்ற வகுப்பு ஒன்றின் கதை வேறு மாதிரி தெரியும்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். 1898-இல் பத்து வயதுப் பையன் ஒருவன் அங்கே சேர்ந்தான். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வீடு. அப்பா ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. வருமானம் போதாததால், கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்ட குடும்பம். பையன் பெயர் சீனிவாச ராமானுஜன்.

சிறு வயதில் அவனுக்குச் சாரங்கபாணி என்று ஒரு சிநேகிதன். ஒரு கணக்குப் பரீட்சையில் 45-க்குச் சாரங்கபாணி 43 வாங்கிவிட்டான், ராமானுஜன் 42. ஒரே ஒரு மார்க்குதான். ராமானுஜனுக்கு அவமானம் தாங்கவில்லை. மற்றப் பாடங்களில் நீதானே முன்னால் இருக்கிறாய் என்று சிநேகிதன் தேற்றிப் பார்த்தும் பயனில்லை. அவனோடு பேச்சை நிறுத்திவிட்டு, அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடியிருக்கிறான். கணக்கு என்றதும் உலகமே நினைத்துப் பார்க்கும் ஒரு பெயர், ஒரு மார்க்குக்காகத் தெருவில் அழுதுகொண்டு ஓடியது என்பதை ராயல் சொசைட்டியின் ஏடுகளில் தேடினால் கிடைக்காது. கூட ஓடியவனுக்குத்தான் தெரியும்.

டவுன் ஹைஸ்கூலில் அவன் செய்தவற்றில் பலவும் இப்படிப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னவைதான். ஒரு மாணவன் அவனிடம் சவாலாக ஒரு கணக்கைப் போட்டான். இரண்டு எண்கள், முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவதைக் கூட்டினால் 7, முதல் எண்ணோடு இரண்டாவதின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் எவை? மற்றவர்கள் சிலேட்டைத் தேடுவதற்குள் ராமானுஜன் 9, 4 என்று சொல்லிவிட்டான். பள்ளியில் ஏறக்குறைய 1,200 பிள்ளைகள்; அவர்களை மூன்று டஜன் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கால அட்டவணை போடும் வேலையை மூத்த கணித ஆசிரியர் இந்தப் பையனிடம் கொடுத்துவிடுவாராம். 1904-இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை வழங்கும்போது, இவனுக்கு நூற்றுக்கு நூறும் போதாது என்ற பொருளில் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் சபையில் பேசினார். பையனுக்கு அப்போது 16 வயது.

அந்தக் கைதட்டலோடு கதை முடிந்திருந்தால் எல்லா வகுப்புகளின் கதையாகவும் இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் சறுக்கல். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகவில்லை, ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான். சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் 1906-இல் தோல்வி, 1907-இல் மறுபடி தோல்வி. 1909-இல் திருமணம். 1910-இல் அவனைப் பார்த்திருந்தால் யாரும் மேதை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி, வக்கீல் தொழிலுக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் போய்க்கொண்டிருந்த வயது அது. இவனிடம் பட்டம் இல்லை, வேலை இல்லை, உடம்பும் சரியில்லை. தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டில் அவனுக்குத் துணையாக நின்ற இரண்டு சிநேகிதர்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒருவர் ராதாகிருஷ்ண ஐயர். உடல்நிலை மோசமாகி, பிழைப்போமா என்ற பயம் வந்தபோது ராமானுஜன் தன் கணக்கு நோட்டுகளை இவரிடம்தான் நம்பிக் கொடுத்தான். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், பச்சையப்பன் கல்லூரியின் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரியின் எட்வர்ட் ராஸிடமோ அவற்றைச் சேர்த்துவிடச் சொன்னான். உலகத்துக் கணித மேதைகள் இன்றும் வரிக்கு வரி ஆராய்ந்துகொண்டிருக்கும் நோட்டுகள், ஒரு சிநேகிதன் கையில் பத்திரமாக இருந்தன.

இன்னொருவர் சி.வி. ராஜகோபாலாச்சாரி. கும்பகோணத்துப் பழக்கம். நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், இந்தியக் கணிதக் கழகத்தின் செயலாளர். ராமானுஜன் அவரிடம் நோட்டைக் காட்டினான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எஃப்.ஏ. கூடத் தேறாத ஒருவன் இவற்றைச் சொந்தமாகக் கண்டுபிடித்திருப்பானா, எங்கிருந்தாவது எடுத்து எழுதியிருப்பானா என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடியதுதான். அங்கேதான் சிநேகிதர் குறுக்கே புகுந்து பேசினார். பம்பாயில் இருந்த பேராசிரியர் சல்தானா, இவன் எழுதியது தமக்குப் புரியாவிட்டாலும் இவன் ஏமாற்றுக்காரன் இல்லை என்று தெரிவித்திருந்த கடிதமும் இருந்தது. சிநேகிதர் விடாமல் பேசியதால் கலெக்டர் இன்னொரு முறை கேட்கச் சம்மதித்தார். கேட்டார், அசந்துபோனார். உனக்கு என்ன வேண்டும் என்றபோது, ஆராய்ச்சியைத் தொடரப் பிழைப்புக்கு ஏதாவது என்றான் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் தர ஏற்பாடாயிற்று.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றுதான். அந்தச் சிநேகிதருக்கு நீள்வட்டத் தொகையீடும் விரியும் தொடரும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்கு சரியா என்று கலெக்டர் பார்த்துக்கொள்வார். ஆள் சரியா என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. இவன் பிறத்தியார் சரக்கைத் தன்னுடையது என்று சொல்ல மாட்டான் என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழாக எழுதித் தர முடியாது. சின்ன வயதில் கூடத் திரிந்தவனால் தர முடியும். ஒரு வகுப்பு தன் மாணவன் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு இதுதான் என்று நினைக்கிறேன்: அவனைப் பார்த்து யாரும் எழுந்து நிற்காத காலத்தில், 'இவனை எனக்குத் தெரியும்' என்று சொல்வது.

அப்புறம் நடந்ததெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17 கப்பல் பயணம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-இல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடல் கடந்து போனவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

1962 டிசம்பர் 22. ராமானுஜன் உயிரோடு இருந்திருந்தால் 75 வயது. இந்திய அஞ்சல் துறை 15 நயா பைசாவுக்கு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. டவுன் ஹைஸ்கூலில் அவரோடு படித்து அன்று உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் அதே 75-ஐ ஒட்டிய வயதுதான். கூடப் படித்த பையன் தபால்தலையில் 32 வயதோடு நின்றுவிட்டான். இவர்கள் பேரன் பேத்தி எடுத்து, பல்லும் விழுந்து, அந்தத் தபால்தலையை ஒட்டிக் கடிதம் எழுதியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் செய்த காரியத்தை நாம் கைகூப்பி வணங்க வேண்டும். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், ராமானுஜனை அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து அவர்களுடைய நினைவுகளைத் திரட்டினார். கடிதங்களோடு சேர்த்து 1968-இல் நூலாக வந்தது. வெளியிட்டது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. அதே உயர்நிலைப் பள்ளிதான். பிற்காலத்தில் வெளிநாட்டில் ராமானுஜன் வரலாற்றை எழுதியவர்கள்கூட அவருடைய இளமைக் காலத்துக்கு இந்த நினைவுகளைத்தான் நாடினார்கள். ஹார்டிக்குத் தெரிந்தது 26 வயதுக்கு மேற்பட்ட ராமானுஜன். அதற்கு முந்திய பையனை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத பழைய மாணவர்கள். இன்னும் பத்து ஆண்டு தாமதித்திருந்தால் அவர்களில் பலர் போயிருப்பார்கள். ஒரு மார்க்குக்காக அழுத பையனும் அவர்களோடு போயிருப்பான்.

இதே கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராமானுஜன் இறந்தபோது அவர் மனைவி ஜானகி அம்மாள் 21 வயதுப் பெண். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியமும் தையல் வேலையும்தான் ஆதாரம். திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று 1981-இல் ஒரு பேட்டியில் கேட்டார். அதைப் படித்த வெளிநாட்டுக் கணிதவாணர்கள் பணம் சேர்த்து, அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள். 1994-இல்தான் அம்மாள் மறைந்தார். பெயரைக் கொண்டாடியவர்கள் எத்தனையோ பேர். வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் கொஞ்சம் பேர்.

பெயர் பெற்றவன் உயிரோடு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்று ஓர் இரும்புச் சுரங்க ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 1959-இல் படித்து முடித்தவன் ராபர்ட் சிம்மர்மன். அந்த ஆண்டு மலரில் ஒவ்வொரு பையனும் தன் ஆசையை எழுத, இவன் லிட்டில் ரிச்சர்ட் என்ற பாடகரோடு போய்ச் சேர்வது என்று எழுதினான். பத்து ஆண்டு கழித்து, 1969-இல், வகுப்புக் கூட்டத்துக்கு வந்தபோது அவன் உலகறிந்த பாடகன் பாப் டிலன். மனைவியோடு வந்தவனைச் சுற்றிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். நடுவில் ஒருவன் வம்புக்கு இழுக்க, சிறிது நேரத்தில் கிளம்பிப் போய்விட்டான். கூடப் படித்தவனிடம் கையெழுத்து வாங்குவதும் அவனிடம் சண்டைக்குப் போவதும் ஒரே நோயின் இரண்டு குணங்கள்தான். இரண்டிலும் அவனை அவனாகப் பார்க்கவில்லை, அவன் பெயரைப் பார்க்கிறோம். 2016-இல் அவருக்கு நோபல் பரிசு. 2021-இல் 80 வயது. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே வயது. உலகம் முழுக்க அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். சிம்மர்மனைத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் மட்டும்தான் இருப்பார்கள்.

28 வயதில் அப்படி நடந்தது பெரிதில்லை. அந்த வயதில் எல்லோரும் ஓட்டப் பந்தயத்தில்தான் இருக்கிறோம். முன்னால் போகிறவனைப் பார்த்தால் எரிச்சல் வரும். 60-இல் பதவி போகிறது. 70-இல் பதவி இருந்தது என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிடுகிறது. 75-இல் எல்லோர் கையிலும் ஒரே மாத்திரை டப்பா. திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்டது. இந்த வயதிலும் நம் செட்டில் யார் உயரம், யார் குட்டை என்று அளந்துகொண்டிருந்தால், பள்ளிக்கூடத்தில் உயர வரிசையில் நிற்க வைத்த டிரில் வாத்தியாரை நாம் இன்னும் விட்டுவரவில்லை என்றுதான் பொருள்.

வகுப்பு விழா நடத்தப் போகிறவர்களுக்கு, இத்தனை காலம் பார்த்ததிலிருந்து சில யோசனைகள் சொல்கிறேன். வயதில் இளையவர்களும் கேட்டுக்கொள்ளலாம். உங்களுக்கும் 50, 60 வரத்தான் போகிறது.

மேடை வேண்டாம். வட்டமாக நாற்காலி போடுங்கள். பேச்சு என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். பெயர் பெற்றவனுக்குப் பொன்னாடை போர்த்த ஊரில் நூறு சங்கம் இருக்கிறது. நீங்களும் அதைச் செய்தால் அவனுக்கு இன்னொரு துண்டு சேரும், அவ்வளவுதான். அவனைப் பட்டப்பெயரால் கூப்பிட உலகத்தில் நீங்கள் மட்டும்தான் மிச்சம். அதைக் கொடுங்கள். பேத்தியின் வேலைக்குச் சிபாரிசு கேட்பதை அன்று ஒரு நாள் நிறுத்திவையுங்கள்.

பெயர் பெற்றவனே, உனக்கும் ஒரு வார்த்தை. தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பாதே. உன் சாதனைகளை எல்லோரும் படித்திருக்கிறார்கள். நீ மற்றவர்களைப் பற்றி ஒன்றும் படித்திருக்க மாட்டாய். ஆகவே நீ கேட்கும் முறை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவனும், படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவியைப் பல ஆண்டு பார்த்துக்கொண்டவனும் உனக்குத் தெரியாத கணக்குகளைப் போட்டவர்கள். அவர்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை என்பதால் அவை கணக்கு இல்லை என்று ஆகிவிடாது.

நினைவுகளை எழுதிவையுங்கள். பெயர் பெற்றவனைப் பற்றி மட்டும் அல்ல, எல்லோரைப் பற்றியும். சுண்டல் விற்ற பாட்டி, பிரம்பை ஒளித்துவைத்தவன், மழைக்கு ஒழுகிய ஓட்டுக் கட்டடம் எல்லாம் வரட்டும். எழுதக் கை நடுங்கினால் பேரனிடம் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். யாருக்கு எது எப்போது வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. முத்தியால்பேட்டை ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

போனவர்களின் பெயர்களைப் படித்து ஒரு நிமிடம் நின்று அஞ்சலி செலுத்துகிறோம். நல்லதுதான். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜானகி அம்மாள் இருக்கக்கூடும். எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் பிள்ளைகளை எதிர்பார்த்து நிற்கும் பெண்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது உண்டு. ஆண்டு மலர் அச்சடிக்கும் காசில் ஒரு பகுதியையும், ஓய்வாக இருக்கும் நேரத்தில் ஒரு பகுதியையும் அதற்கு ஒதுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, வராதவர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சிலர் வருவதில்லை. உடம்பு முடியாமல் சிலர். வேலை போய், கடை நொடித்து, பிள்ளை சரியில்லாமல், நல்ல வேட்டி கூட இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று சிலர். வாட்ஸாப் குழுவில் சேர்த்தாலும் பேசாமல் வெளியேறிவிடுவார்கள். அவர்கள்தான் இன்றைய 1910-இல் இருப்பவர்கள். 75 வயதில் அவர்களில் யாரும் ராமானுஜன் ஆகப்போவதில்லை. ஆக வேண்டிய தேவையும் இல்லை. 'இவனை எனக்குத் தெரியும், இவன் நல்லவன்' என்று சொல்ல ஓர் ஆள் அவர்களுக்கும் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்து நிற்கும்போதும், அரசு மருத்துவமனையில் கட்டில் கிடைக்காதபோதும், மருமகள் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டும். நாலு பேர் காரில் வந்திறங்கி, 'எங்கள் வகுப்புக்காரன் எங்கே' என்று கேட்டால், அந்த வீட்டில் அடுத்த நாளிலிருந்து காப்பி சூடாக வரும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதனால் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது முதல் அழைப்பை வராதவன் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெயர் பெற்றவனுக்கு எப்படியும் தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.